கோழிக்கோடு விமான விபத்து: விமானியின் பிழைக்குப் பின்னால் இருந்த ஆள் பற்றாக்குறை

கொச்சி: துபாயிலிருந்து கோழிக்கோடு வந்த ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் விமானம், 2020 ஆகஸ்ட் 7 அன்று மழைக்கிடையே ஓடுபாதையைத் தாண்டிப் பள்ளத்தில் விழுந்தது. அதிலிருந்த 190 பேரில், விமானிகள் இருவர் உள்பட 21 பேர் உயிரிழந்தனர்.

விதிமுறைகளை விமானி பின்பற்றாததே விபத்துக்குக் காரணமாக இருக்கலாம் என 2021 செப்டம்பரில் வெளியான விசாரணை அறிக்கை தெரிவித்தது. 8,858 அடி ஓடுபாதையில் சுமார் 4,400 அடியைக் கடந்த பின்னரே சக்கரங்கள் தரையைத் தொட்டன.

எனினும், அறிக்கை அத்துடன் நிற்கவில்லை. தரையிறங்கும் முயற்சியின்போது தலைமை விமானியின் பக்கத்துக் கண்ணாடித் துடைப்பான் பழுதடைந்தது. கோழிக்கோட்டில் போதிய தலைமை விமானிகள் இல்லை. மறுநாள் காலை விமானத்தையும் அவரே இயக்க வேண்டியிருந்தது. எப்படியும் அங்கேயே இறங்கிவிட வேண்டும் என்ற முனைப்புக்கு இதுவும் காரணமானது.

செலவுக் குறைப்பு என்றாலே பயிற்சி நேரமும் உதிரிபாகங்களும்தான் நினைவுக்கு வருகின்றன. ஆனால், மாற்று விமானிகளை வைத்துக்கொள்ளாததும் ஒரு வகைச் சிக்கனமே. அது கணக்கேட்டில் இழப்பாகத் தெரிவதில்லை, நெருக்கடியின்போதுதான் வெளிப்படுகிறது.

விமானிகளின் வார ஓய்வை 36 மணி நேரத்திலிருந்து 48 மணி நேரமாக உயர்த்திய புதிய விதிகளுக்கு ஏற்ப ஆயத்தமாகாததால், 2025 டிசம்பரில் இண்டிகோவின் ஆயிரக்கணக்கான விமானங்கள் ரத்தாயின. உடனே அந்நிறுவனத்துக்குத் தற்காலிக விதித் தளர்வு வழங்கப்பட்டது.

இடக்கொச்சி முதல் காசர்கோடு வரை, வளைகுடாவிலிருந்து வரும் உறவினர்களுக்காகக் காத்திருக்கும் குடும்பங்கள் ஏராளம். ஆள் பற்றாக்குறைக்காக ஓய்வு விதி தளர்த்தப்படும்போது, அதன் சுமை இறுதியில் அவர்கள் மீதே விழுகிறது.