வாங்கிய நினைவிடம் யாரிடம் திரும்புகிறது?

லேக் மார்க்கெட் பகுதியில் வசிக்கும் அன்பர் ஒருவர், தம் இல்லத்தில் எழுந்த வழக்கொன்றை இப்பகுதிக்கு எழுதி அனுப்பியுள்ளார். அவருடைய மகள் கல்லூரியில் கணிப்பொறி பயில்கிறாள். அவள் எழுதிய நிரல் சரியான விடையைத் தந்தும், இடையில் கேட்டு வாங்கிய நினைவிடத்தைத் திருப்பிக் கொடுக்கவில்லை என்று ஆசிரியர் மதிப்பெண்ணைக் குறைத்துவிட்டாராம். வேலையில் இருக்கும் தமையனோ, "நிரல் முடிந்தால் இயக்க முறைமை எல்லாவற்றையும் தானே எடுத்துக்கொள்ளும், இது வீண் கண்டிப்பு" என்கிறானாம். யார் சொல்வது சரி என்று அன்பர் வினவுகிறார். தமையன் சொல்வது உண்மை; ஆசிரியர் செய்ததும் முறையே. அது எவ்வாறு என்பதைக் கூறுவோம்.

ஒரு நிரல் ஓடத் தொடங்கும்போது, தனக்கு எவ்வளவு இடம் வேண்டும் என்பது அதற்கு முழுவதும் தெரியாது. பெயர்ப் பட்டியலைப் படிக்கும் நிரலுக்குப் பத்துப் பெயர் வருமா, பதினாயிரம் வருமா என்பது ஓடும்போதுதான் புலப்படும். ஆகவே வேண்டிய போது வேண்டிய அளவு கேட்டுப் பெறுகிறது. சி மொழியில் இவ்வாறு கேட்பதற்கு மாலக் என்றும், திருப்பித் தருவதற்கு ஃப்ரீ என்றும் பெயர்.

இங்கே பலரும் கவனியாத நுட்பம் ஒன்றுண்டு. நிரல் ஒவ்வொரு முறையும் இயக்க முறைமையின் வாசலில் போய் நிற்பதில்லை. இடையில் சில்லறைக் கடை போல ஒரு துணைநிரல் தொகுதி இருக்கிறது. அது மொத்த வணிகராகிய இயக்க முறைமையிடம் பக்கம் பக்கமாக இடத்தை வாங்கி வைத்துக்கொண்டு, நூறு பைட், இருநூறு பைட் எனப் பிரித்துக் கொடுக்கிறது. பெரும்பாலான கணிப்பொறிகளில் ஒரு பக்கம் என்பது 4096 பைட். ஃப்ரீ செய்த சிறு துண்டு பெரும்பாலும் அச்சில்லறைக் கடைக்கே திரும்பி, அடுத்த முறை அதே நிரலுக்கு மீண்டும் வழங்கப்படுகிறது. பெருந்துண்டுகளே உடனுக்குடன் மொத்த வணிகரிடம் போய்ச் சேர்வதுண்டு.

நிரல் முடியும்போது நடப்பது வேறு. சென்னையிலிருந்து ஹவுரா வந்து சேர்ந்த மெயில் வண்டி யார்டுக்குச் செல்லும்போது, எந்தப் பயணி தம் இருக்கையை முறைப்படி ஒப்படைத்தார் என்று எவரும் விசாரிப்பதில்லை. வண்டி முழுவதும் காலியாயிற்று என்றே கொள்ளப்படும். இயக்க முறைமையும் அப்படியே. எந்தெந்தப் பக்கம் எந்த நிரலிடம் இருக்கிறது என்பதற்கு அது ஓர் அட்டவணை வைத்திருக்கிறது. நிரல் தானே முடிந்தாலும், பிழையால் இடையில் வீழ்ந்தாலும், பிறர் நிறுத்தினாலும், அவ்வட்டவணையைக் கலைத்துப் பக்கங்களை மீட்டுக்கொள்கிறது. சில்லறைக் கடையின் கணக்கை அது பார்ப்பதேயில்லை. அக்கடையும் நிரலின் இடத்துக்குள் இருந்ததுதானே! வேறொரு நிரலும் பயன்படுத்தும் பக்கமாயின், கடைசியாகப் பயன்படுத்துவோர் விடும்வரை அதனைத் தொடாது. மீட்ட பக்கத்தை வேறொரு நிரலுக்குக் கொடுக்குமுன் முற்றிலும் சுழியமாக்கி விடுகிறது. இல்லையேல், ஒருவர் வங்கிக் கணக்குக்காகத் தட்டிய கடவுச்சொல்லை அடுத்த நிரல் படித்துவிடக் கூடும்.

இவ்வசதி தொடக்கத்திலிருந்தே இருந்ததன்று. நம் நகரத்தை அடுத்த பராநகரில் உள்ள இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தில், 1955-ஆம் ஆண்டில் இங்கிலாந்திலிருந்து வந்த எச்.இ.சி.-2எம் என்னும் பொறி நிறுவப்பட்டது. நம் நாட்டின் முதல் எண்ணியல் கணிப்பொறி அதுவே. அதன் நினைவகம் சுழலும் காந்த உருளை. எண்ணோ கட்டளையோ வைப்பதற்கு 1024 அறைகள் மட்டுமே. கொடுத்து வாங்கும் இயக்க முறைமை எதுவும் அதில் இல்லை. எந்த அறையில் எது இருக்கிறது, எது இனித் தேவையில்லை என்பதை நிரல் எழுதியவர்களே கணக்கு வைத்து, அறையை மறுபடி பயன்படுத்த வேண்டியிருந்தது.

தமையனின் வாதம் எங்கே தவறுகிறது? முடியாத நிரலில் தவறுகிறது. முன்பதிவுக் கவுண்டர்களுக்கு விடை சொல்லும் நிரல் ஒரு சீட்டோடு முடிவதில்லை. ஒரு சீட்டுக்கு 200 பைட் திருப்பப்படாமல் தங்கினால், பத்து இலட்சம் சீட்டுக்கு 20 கோடி பைட்! சரக்கு வாகனை உரிய நேரத்தில் காலி செய்யாதவரிடம் நாங்கள் டெமரேஜ் வசூலிக்கிறோம். கணிப்பொறியில் அத்தகைய கட்டணம் இல்லை. ஆகையால் இடம் தீரும் நாள்வரை எவரும் உணர்வதில்லை.

லண்டனில் நடந்தது இதற்குச் சான்று. ஆம்புலன்ஸ் வண்டிகளை அனுப்பும் கணிப்பொறி ஒன்று 1992 நவம்பர் 4-ஆம் நாள் விடியுமுன் மெல்லத் தளர்ந்து, பின் அடியோடு நின்றது. ஏறக்குறைய மூன்று வாரங்களுக்கு முன் செய்த வேலையில் சிறிதளவு நிரல் தவறுதலாக விடுபட்டு உள்ளே தங்கியிருந்தது. ஒவ்வொரு வண்டியை அனுப்பும் போதும் அது சிறிது நினைவிடத்தை வாங்கிக்கொண்டு திருப்பவில்லை. ஊழியர்கள் மீண்டும் தாளையும் பென்சிலையும் எடுத்து அழைப்புகளைக் கவனிக்க நேர்ந்தது. நிரல் முடிந்திருந்தால் இடம் முழுவதும் மீண்டிருக்கும். ஆனால் ஆம்புலன்ஸ் நிரல் எப்படி முடியும்? தளர்ந்த கைப்பேசியை நிறுத்தித் திறந்ததும் சில சமயம் சுறுசுறுப்படைவதற்கும் இதுவே ஒரு காரணம். லினக்ஸ் முறைமையில் இடம் அறவே தீர்ந்தால், அது ஏதேனும் ஒரு நிரலைத் தேர்ந்து கொன்றுவிடும். கொல்லப்படுவது குற்றம் செய்த நிரலாகவே இருக்கும் என்பதற்கு உறுதியில்லை.

நிரல் முடிந்தும் மீளாதவை சிலவும் உண்டு. பல நிரல்கள் பகிர்ந்துகொள்வதற்கென யூனிக்ஸ் வழியில் பெற்ற சில பகுதிகள், நீக்குக என்று ஒருவர் சொல்லும்வரை அப்படியே கிடக்கும். வட்டில் எழுதிய தற்காலிகக் கோப்புகளும் அத்தகையனவே.

அன்பரின் மகளுக்கு ஒரு யோசனை: வால்கிரைண்ட் என்னும் இலவசக் கருவியைக் கொண்டு நிரலை ஓட்டிப் பார்க்கட்டும். திருப்பப்படாத இடங்களை அது வகை வகையாகப் பிரித்துக் காட்டும். முகவரி கையிலிருந்தும் திருப்பாதவை ஒரு வகை. முகவரியே தொலைந்து, திருப்ப நினைத்தாலும் இயலாதவை மற்றொரு வகை. முன்னதற்கு ஆசிரியர் சற்று இரங்கலாம் என்பது எம் கருத்து. பின்னதற்கு மதிப்பெண் குறைந்திருந்தால், தமையன் வாதாடுவதை நிறுத்திவிட்டுத் தங்கையோடு உட்கார்ந்து அந்த வரியைத் தேடித் தரலாம்.