விசாரணை அதிகாரம் யாருக்கு? மாநில உரிமைக்கும் ஒன்றிய முகமைகளுக்கும் இடையே தலித் மக்கள்

2023 ஜூன் 14 அதிகாலையில் தமிழ்நாட்டு அமைச்சர் செந்தில் பாலாஜியை அமலாக்கத் துறை கைது செய்தது. அன்றைய தினமே, சிபிஐக்கு வழங்கியிருந்த பொது இசைவைத் தமிழ்நாடு அரசு திரும்பப் பெற்றது. மேற்கு வங்கம், கேரளம், பஞ்சாப் உள்ளிட்ட பல மாநிலங்கள் முன்னரே எடுத்த முடிவு அது. மாநில உரிமையில் அக்கறை கொண்டோர் அதனை வரவேற்றனர். நாமும் அதனை எதிர்க்கவில்லை. எனினும், இந்த அதிகார மோதலில் வன்கொடுமைக்கு உள்ளாகும் மக்களின் இடம் எது என்பதை நாம் கேட்டாக வேண்டும்.

முதலில் சட்டத்தின் நிலையைப் பார்ப்போம். அரசமைப்பின் ஏழாவது அட்டவணையில் காவல்துறை மாநிலப் பட்டியலில் இடம்பெற்றுள்ளது. சிபிஐயின் அதிகாரம் 1946ஆம் ஆண்டின் தில்லி சிறப்புக் காவல் அமைப்புச் சட்டத்திலிருந்து பிறக்கிறது. அதன் 6ஆம் பிரிவின்படி, மாநில அரசின் இசைவின்றி அம்மாநிலத்துக்குள் சிபிஐ தன் அதிகாரத்தைச் செலுத்த இயலாது. ஆனால் இந்த இசைவு இன்றியும் உயர் நீதிமன்றங்களும் உச்ச நீதிமன்றமும் சிபிஐ விசாரணைக்கு உத்தரவிடலாம் என 2010இல் அரசியல் சாசன அமர்வு தீர்ப்பளித்தது. மேலும், அமலாக்கத் துறைக்கும் தேசியப் புலனாய்வு முகமைக்கும் இந்த இசைவு தேவையே இல்லை. அதாவது, அமைச்சரைக் கைது செய்த துறையை அன்றைய அரசாணை தொடவே இல்லை.

இசைவு தேவைப்படாத முகமை என்ன செய்யும் என்பதற்கு மராட்டியமே சான்று. 2018 ஜனவரி 1 அன்று, பீமா கோரேகான் போரின் 200ஆம் ஆண்டு நினைவுக்குத் திரண்ட தலித் மக்கள் மீது வன்முறை ஏவப்பட்டது. அதற்கு முந்தைய நாள் புனேயில் நடந்த எல்கர் பரிஷத் கூட்டமே காரணம் என்று கூறி, மாநிலக் காவல்துறை செயற்பாட்டாளர்களையும் வழக்கறிஞர்களையும் கைது செய்தது. 2019இன் இறுதியில் ஆட்சி மாறியது. அவ்வழக்கைப் புதிய அரசு மறு ஆய்வு செய்யத் தொடங்கிய மறுநாளே, 2020 ஜனவரி 24 அன்று, ஒன்றிய அரசு வழக்கைத் தேசியப் புலனாய்வு முகமைக்கு மாற்றியது. தங்களைக் கலந்தாலோசிக்கவில்லை என மாநில உள்துறை அமைச்சர் எதிர்ப்புத் தெரிவித்தார். ஆனால் சில வாரங்களில் முதலமைச்சர் உத்தவ் தாக்கரே அந்த மாற்றத்துக்கு இணங்கினார். தலித் மக்கள் தொடர்பான பீமா கோரேகான் வழக்கு வேறு, அதனை ஒன்றியத்திடம் ஒப்படைக்க மாட்டோம் என்பது அவர் அளித்த விளக்கம்.

விளைவு என்ன? அறிஞர் ஆனந்த் டெல்டும்டே 2020 ஏப்ரல் 14 அன்று, அண்ணல் அம்பேத்கரின் பிறந்தநாளில் சிறை புகுந்தார். பம்பாய் உயர் நீதிமன்றம் பிணை வழங்கிய பின், 2022 நவம்பர் 26 அன்று, அரசமைப்பு நாளில் வெளிவந்தார். வழக்கைத் தொடங்கியது மாநிலக் காவல்துறை. இறுக்கியது ஒன்றிய முகமை.

மாநில விசாரணை மட்டும் நம்மைக் காக்குமா? வேங்கைவயல் அதற்கு விடை சொல்கிறது. 2022 டிசம்பரில் புதுக்கோட்டை மாவட்டத்தின் அச்சிற்றூரில், தலித் மக்களின் குடிநீர்த் தொட்டியில் மனிதக் கழிவு கலக்கப்பட்டிருந்தது தெரியவந்தது. வன்கொடுமை வழக்கில் 60 நாட்களுக்குள் குற்றப்பத்திரிகை தாக்கல் செய்யப்பட வேண்டும் என்பது விதி. சிபிசிஐடி எடுத்துக்கொண்டது இரண்டு ஆண்டுகளுக்கும் மேல். 2025 ஜனவரியில் குற்றஞ்சாட்டப்பட்டவர்களாக அறிவிக்கப்பட்டோர் அதே ஊரின் தலித் இளைஞர்கள் மூவர். ஊர் மக்கள் அதனை ஏற்க மறுத்தனர். ஆளுங்கட்சியின் தோழமைக் கட்சிகளே சிபிஐ விசாரணை கோரின. அடுத்த மாதமே வழக்கு, வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்துக்கான சிறப்பு நீதிமன்றத்திலிருந்து குற்றவியல் நடுவர் நீதிமன்றத்துக்கு மாற்றப்பட்டது.

இந்த மாற்றத்தின் பொருளை நாம் ஆழ்ந்து நோக்க வேண்டும். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 15ஏ பிரிவு, பாதிக்கப்பட்டோருக்கு வழக்கின் நகர்வுகளை அறியவும், பிணை, விடுவிப்பு போன்ற கட்டங்களில் தம் தரப்பைச் சொல்லவும் உரிமை வழங்குகிறது. வழக்கு அச்சட்டத்துக்கு வெளியே சென்றால் அந்த உரிமையும் கைநழுவும். கழிவு கலந்த நீரைக் குடித்தவர்கள் தம் வழக்கிலேயே வேடிக்கை பார்ப்பவர்களாகிவிடுவர்.

எனவே, மாநிலம் என்றாலே நம் அரண், ஒன்றியம் என்றாலே நடுநிலை எனும் இரு நம்பிக்கைகளும் நமக்கு உதவா. மாநில அரசை மீறி வழக்கைத் தானே எடுத்துக்கொள்ள ஒன்றியத்துக்கு வழிவிடும் தேசியப் புலனாய்வு முகமைச் சட்டத்தின் 6(5) பிரிவை எதிர்ப்போம். அதே உறுதியுடன், மாநில உரிமையின் பெயரால் வன்கொடுமை விசாரணைகள் தாமதிக்கப்படுவதையும் எதிர்ப்போம். எந்தத் துறை விசாரித்தாலும் நீதிமன்றக் கண்காணிப்பையும் 15ஏ உரிமைகளையும் கோருவோம்.

இதற்கான பணியை நம் மாவட்டத்திலேயே தொடங்கலாம். மாவட்ட ஆட்சியர் தலைமையிலான விழிப்புணர்வு மற்றும் கண்காணிப்புக் குழு மூன்று மாதங்களுக்கு ஒருமுறையேனும் கூட வேண்டும் என்பது விதி. அது கூடியதா, எத்தனை வழக்குகள் 60 நாள் வரம்பைக் கடந்துள்ளன எனத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் மாணவத் தோழர்கள் கேட்கலாம். அந்த விடைகள் நம் கையில் இருந்தால், சென்னையும் தில்லியும் ஒன்றையொன்று குற்றம் சாட்டும்போது நாம் இருவரிடமும் கணக்குக் கேட்க முடியும்.