கம்ப்யூட்டர் வகுப்புக்குப் பணம் கட்டலாமா?



செம்பனைத் தோட்டம் ஒன்றிலிருந்து ஒரு தாயார் கடிதம் எழுதியிருக்கிறார். கணவர் குலை வெட்டுகிறவர். இவர் உதிரிப் பழம் பொறுக்கப் போகிறவர். மகன் ஐந்தாம் ஆண்டில் படிக்கிறான். போன மாதம் ஓர் ஆள் மோட்டார் சைக்கிளில் லயத்துக்கு வந்து, "இனிமேல் கம்ப்யூட்டர் புரோகிராம் எழுதத் தெரியாத பிள்ளைக்கு வேலையே கிடையாது" என்று சொல்லியிருக்கிறார். ஒரு வருட வகுப்பு, ஒரு டேப்லெட், முடிவில் ஒரு சான்றிதழ், எல்லாம் மாதத் தவணையில். பாரத்தையும் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். "கையெழுத்துப் போடலாமா டீச்சர்? போடாவிட்டால் என் பிள்ளை பின்தங்கி விடுவானா?" என்று அந்தத் தாயார் கேட்கிறார்.

முதல் கேள்விக்கு முதலிலேயே பதில் சொல்லிவிடுகிறேன். கையெழுத்துப் போட வேண்டாம் அம்மா. இரண்டாவது கேள்விக்குத்தான் கொஞ்சம் விரிவாகப் பேச வேண்டும். அந்த ஆள் சொன்னதில் பாதி வெறும் பயமுறுத்தல். மீதிப் பாதியை அப்படித் தள்ளிவிட முடியாது. நம் நாட்டில் 2017-ஆம் ஆண்டிலேயே இடைநிலைப் பள்ளியின் முதலாம் படிவத்துக்கு ‘அசாஸ் சைன்ஸ் கொம்பியூத்தர்’ என்ற பாடம் வந்துவிட்டது. நான்காம், ஐந்தாம் படிவங்களில் கணினி அறிவியல் விருப்பப் பாடம். எல்லாப் பள்ளிகளிலும் கிடைப்பதில்லை. கிடைக்கிற பள்ளியிலும் நம் பிள்ளைகள் "அது பெரிய படிப்பு, நமக்கு வராது" என்று ஒதுங்கிக்கொண்டால், அந்த வாய்ப்பு பதினாறு வயதிலேயே கைநழுவிப் போகிறது. எனக்குக் கவலை அந்த ஒதுங்கலைப் பற்றித்தான். டேப்லெட்டைப் பற்றி அல்ல.

நிரல் எழுதுவது என்றால் என்ன? கணினி ஒரு வேலையாள். சுறுசுறுப்பானது, ஆனால் சொந்த யோசனை இல்லாதது. எதை முதலில் செய்வது, எதை அடுத்துச் செய்வது, எப்போது நிறுத்துவது என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக் கொடுக்க வேண்டும். அந்தச் சொல்லிக் கொடுத்தலுக்குத்தான் நிரல் என்று பெயர்.

உங்கள் கணவர் செம்பனை மரத்தடியில் என்ன பார்க்கிறார்? உதிரிப் பழம் விழுந்து கிடக்கிறதா என்று பார்க்கிறார். கிடந்தால் குலை பழுத்துவிட்டது. மட்டையைக் கழித்து, குலையை வெட்டி இறக்குகிறார். கிடக்காவிட்டால் அடுத்த மரத்துக்குப் போகிறார். நிரை முடியும் வரை இதே வேலை. பால் மரம் சீவியவர்களும் இப்படித்தான்: மழை பெய்து மரப்பட்டை ஈரமாக இருந்தால் கத்தியை வைக்கக் கூடாது, காய்ந்திருந்தால் சீவலாம். "இப்படி இருந்தால் இதைச் செய், இல்லையென்றால் அதைச் செய்" என்பது ஒரு கட்டளை. "முடியும் வரை திரும்பத் திரும்பச் செய்" என்பது இன்னொரு கட்டளை. உலகத்துப் பெரிய நிரல்களெல்லாம் இந்த இரண்டையும் வரிசை முறையையும் வைத்துக் கட்டியவைதாம். இதைத் தோட்டத்துப் பிள்ளைக்குப் புதிதாக விற்க வருவது கொல்லன் தெருவில் ஊசி விற்கிற கதை.

என் வகுப்பில் இதற்குக் கணினியே வேண்டியதில்லை. ஒரு பையன் இயந்திர மனிதன். மற்றவர்கள் கட்டளை கொடுப்பவர்கள். "போய்க் கதவைத் திற" என்பார்கள். அவன் அசைய மாட்டான். எத்தனை அடி, எந்தப் பக்கம் என்று சொல்லவில்லையே! "ஐந்து அடி முன்னால் நட" என்றால் மேசையில் போய் முட்டிக்கொண்டு நிற்பான். வகுப்பு சிரித்து அடங்கியதும், "எந்த வரியில் தப்பு?" என்று கேட்பேன். கரும்பலகையில் எழுதிய கட்டளைகளைப் பிள்ளைகளே ஒன்றொன்றாகப் படித்து, மூன்றாவது வரியைத் திருத்துவார்கள். நியூசிலாந்தில் கேன்டர்பரி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டிம் பெல் முதலிய அறிஞர்கள், கணினியே இல்லாமல் கணினி அறிவியல் சொல்லித்தரும் விளையாட்டுகளை 1990-களிலேயே தொகுத்தார்கள். பல நாட்டுப் பள்ளிகளில் அவற்றைப் பயன்படுத்துகிறார்கள்.

அதில் ஒன்றை வீட்டிலேயே செய்து பாருங்கள். மைலோ பெட்டி அட்டையில் ஐந்து துண்டு வெட்டி, 16, 8, 4, 2, 1 என்ற கணக்கில் புள்ளி வைத்து, அந்த வரிசையிலேயே அடுக்குங்கள். 13 வேண்டுமென்றால் 8, 4, 1 ஆகிய மூன்று அட்டைகளை மட்டும் புள்ளி தெரியும்படி வைக்க வேண்டும். மற்ற இரண்டையும் கவிழ்க்க வேண்டும். தெரிகிற அட்டைக்கு ஒன்று, கவிழ்ந்த அட்டைக்குப் பூச்சியம் என்று எழுதினால் 01101. கணினி தன் வயிற்றுக்குள் எண்களை வைத்திருப்பது இந்த முறையில்தான். ஐந்தே அட்டையில் 31 வரை எல்லா எண்ணும் வரும். ஆறாவது அட்டை போட்டால் அதில் எத்தனை புள்ளி என்பதைப் பிள்ளையே கண்டுபிடிக்கட்டும். நீங்கள் சொல்லிவிடாதீர்கள்.

வாசலில் கோலம் போடுகிற அம்மாமார்களுக்கு ஒரு செய்தி. அமெரிக்காவில் சீமோர் பேப்பர்ட், சிந்தியா சாலமன், வாலி ஃபோர்சிக் ஆகியோர் 1967-இல் பிள்ளைகளுக்கென்று ‘லோகோ’ என்ற நிரல்மொழியை உண்டாக்கினார்கள். பிறகு அதில் ஓர் ஆமையும் சேர்ந்தது. "பத்து அடி போ, வலப்பக்கம் திரும்பு" என்று கட்டளையிட்டால் ஆமை கோடு போட்டுக்கொண்டே போகும். புள்ளி வைத்து, கம்பியை வளைத்து, ஒரே அமைப்பை நாலு பக்கமும் திரும்பப் போடுகிற கோலமும் இதே வேலைதானே? நான் இழுத்துக்கட்டிச் சொல்லவில்லை. சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியின் கிஃப்ட் சிரோமணியும் ராணி சிரோமணியும், கமலா கிருதிவாசனோடு சேர்ந்து, கோலத்தின் விதிகளைக் கணினி அறிவியல் இலக்கணமாக்கி 1974-இல் ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார்கள்.

இந்தப் பாடத்தில் எனக்கு மிகப் பிடித்தது, தப்பு செய்வதற்கு இதில் இருக்கிற இடம். நிரல் முதல் தடவையே சரியாக ஓடுவது அபூர்வம். பல வருடம் எழுதிப் பழகிய பொறியாளருக்கும் அப்படித்தான். நிரலில் உள்ள பிழையை ஆங்கிலத்தில் ‘பக்’ என்பார்கள், அதாவது பூச்சி. 1947 செப்டம்பர் 9-ஆம் தேதி ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தின் கணினி ஒன்று வேலை செய்யாமல் நிற்க, உள்ளே பார்த்தால் ஓர் அந்துப்பூச்சி சிக்கிக் கிடந்தது. அதை எடுத்துக் குறிப்பேட்டில் ஒட்டியே வைத்துவிட்டார்கள். (அந்தச் சொல் அதற்கு முன்பே பொறியாளர்களிடம் இருந்ததுதான், உண்மைப் பூச்சி கிடைத்ததில் அவர்களுக்கு ஒரு வேடிக்கை.) சிவப்பு மையைப் பார்த்தாலே பயந்து, நோட்டைக் கையால் மறைக்கிற பிள்ளைகளை நான் தினமும் பார்க்கிறேன். அதே பிள்ளை, நிரலில் பிழை என்றால் நோட்டை என்னிடம் தானே தூக்கிக்கொண்டு வருகிறது. வீட்டிலும் "ஏன்டா தப்பு பண்ணினே?" என்று கேட்பதற்குப் பதிலாக, "எந்த இடத்திலே தப்பிச்சு?" என்று கேட்டுப் பாருங்கள்.

"எல்லாம் ஆங்கிலமாச்சே?" என்பது அடுத்த பயம். பைத்தான் என்று பரவலாகப் பயன்படும் நிரல்மொழியில் ஒதுக்கி வைத்த கட்டளைச் சொற்கள் மொத்தமே 35. இரண்டு வாரச் சொல்வதெழுதலில் முடிந்துவிடும். தமிழிலேயே கட்டளை எழுத, முத்தையா அண்ணாமலை உருவாக்கிய ‘எழில்’ என்ற மொழி இருக்கிறது. அதில் ‘பதிப்பி’ என்று எழுதினால் எழுத்து திரையில் வரும். கைப்பேசியில் நீங்கள் தமிழ் தட்டுகிறீர்களே, அந்தத் துறையில் 1980-களிலேயே இறங்கி உழைத்தவர்களில் ஒருவர் நம் நாட்டு முத்து நெடுமாறன். அவர் தந்தை கவிஞர் முரசு நெடுமாறன் ஒரு தமிழாசிரியர். தமிழ் படித்தால் கணினி வராது என்று யாராவது சொன்னால் இந்த இரண்டு பெயரையும் சொல்லுங்கள்.

இப்போது செயற்கை நுண்ணறிவே நிரல் எழுதித் தருகிறதே, பிள்ளை ஏன் படிக்க வேண்டும் என்று கேட்பவர்களும் உண்டு. எழுதித் தருகிறது, உண்மை. அது தருவது சரியா தப்பா என்று வரிவரியாகப் பார்க்க ஆள் வேண்டாமா?

பணத்துக்கு வருகிறேன். ‘ஸ்கிராட்ச்’ என்று ஒரு நிரல்மொழி, அமெரிக்காவின் எம்.ஐ.டி. கல்விக்கழகம் 2007-இல் வெளியிட்டது. வண்ணக் கட்டைகளை அடுக்குவதுபோல் கட்டளைகளை அடுக்கலாம். காசு கிடையாது. ஒரு தடவை கணினியில் இறக்கி வைத்துக்கொண்டால் இணையம் இல்லாமலும் ஓடும். உங்கள் பள்ளியின் கணினி அறையில் அது இருக்கிறதா, வாரத்தில் எந்த நாள் பிள்ளைகளை விடுகிறார்கள் என்று தலைமையாசிரியரிடம் கேளுங்கள். பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் எழுந்து நின்றே கேளுங்கள். அறை பூட்டிக் கிடந்தால், பூட்டைத் திறக்கச் சொல்வது பெற்றோர் உரிமை. பிள்ளை முதலாம் படிவம் போகும்போது, அந்தப் பள்ளியில் அசாஸ் சைன்ஸ் கொம்பியூத்தர் நடக்கிறதா என்றும் விசாரியுங்கள்; அதற்குப் பதிலாக வேறு பாடம் நடத்துகிற பள்ளிகளும் உண்டு. கையில் மீதிக் காசு இருந்தால் கணக்குக்கும் மலாய் வாசிப்புக்கும் செலவழிக்கலாம். இரண்டும் இல்லாமல் அந்தப் பாடத்தில் நிற்க முடியாது.

டேப்லெட்டில் நாள் முழுக்கப் படம் பார்க்கிற பிள்ளையைக் ‘கம்ப்யூட்டர் புலி’ என்று கூப்பிடுகிற வழக்கம் நம்மிடம் இருக்கிறது. அவன் பார்க்கிறான், அவ்வளவுதான். தவணைக்காரர் மறுபடி வந்தால் ஒரே ஒரு கேள்வி போதும்: "உங்கள் வகுப்பில் படித்த பிள்ளை தானாகச் செய்தது ஏதாவது ஒன்றைக் காட்டுங்கள்." சான்றிதழைக் காட்டினால் பாரத்தைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். அடையாள அட்டை நகலை மட்டும் யாரிடமும் கொடுத்துவிடாதீர்கள்.

இந்த மாதப் புதிர் சிறுவர்களுக்கு. கட்டை விரல் 1, ஆள்காட்டி விரல் 2, நடு விரல் 4, மோதிர விரல் 8, சுண்டு விரல் 16. ஒரே கையில் 19 என்ற எண்ணைக் காட்ட எந்தெந்த விரலை நீட்ட வேண்டும்? இரண்டு கையும் சேர்ந்தால் எதுவரை எண்ணலாம்? விடையை அஞ்சலட்டையில் எழுதி, பெயர், வயது, தோட்டம் குறிப்பிட்டு அனுப்புங்கள்.