மறதியால் பிழைத்த படம்
நவம்பர் மாதத்து நான்காம் வியாழக்கிழமையான நன்றியறிதல் பண்டிகை நாள் தொடங்கி ஞாயிறு இரவு வரையில் அமெரிக்க இல்லங்களில் தொலைக்காட்சிப் பெட்டிக்கு ஓய்வே கிடையாது என்பதை, மகன் வீட்டுச் சாய்வு நாற்காலியில் நான்கு நாட்கள் கிடந்து பிரத்தியட்சமாக அறிந்துகொண்டேன். பகலெல்லாம் அவர்களுடைய கால்பந்து (காலுக்கு அதில் சொற்ப வேலைதான், கையில் இடுக்கிக்கொண்டு ஓடுவதே பிரதானம்), 1934 முதல், யுத்தத்தை ஒட்டிய சில வருஷங்கள் நீங்கலாக, இந்தப் பண்டிகை நாளில் ஆடிவரும் டெட்ராய்ட் லயன்ஸ் அணி ஜெயித்தாலும் தோற்றாலும், மேஜைமேல் வான்கோழி ஆறிப்போவது நிச்சயம். ஆனால் என் சிந்தையைக் கவர்ந்தது இரவில் வந்த பழைய படமே. ஃபிராங்க் காப்ரா 1946இல் எடுத்த 'இட்ஸ் எ வொண்டர்ஃபுல் லைஃப்', வெளியான காலத்தில் போட்ட பணத்தைக்கூட மீட்கவில்லை. 1974இல் அதன் பதிப்புரிமையைப் புதுப்பிக்க உரியவர்கள் தவறிவிட, காசில்லாமல் கிடைக்கிறதே என்று நிலையங்களெல்லாம் வருஷந்தோறும் டிசம்பரில் அதையே திரும்பத் திரும்ப ஒளிபரப்ப, எந்த விளம்பரத்தாலும் சாதிக்க முடியாததை ஒரு மறதி அநாயாசமாகச் சாதித்துவிட்டது. கதாநாயகன் ஜேம்ஸ் ஸ்டீவர்ட் பனியில் ஓடி வந்த கட்டத்தில் மருமகள் முந்தானை இல்லாத குறைக்குச் சட்டைக் கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அவள் அதைப் பார்ப்பது ஒன்பதாவது தடவையாம்.