ஏழாவது படிப்பு

தமிழ்நாடு அரசின் செய்தித் துறை அமைச்சர் அவர்களுக்கு,

பிளஸ் டூ முடித்த பிள்ளை சினிமா படிக்கப் போவதாகச் சொன்னால், "படிச்சுட்டு யாருகிட்ட போய் நிப்பே?" என்றுதான் வீட்டில் கேட்பார்கள். நியாயமான பயம். வெளியிலிருந்து பார்ப்பவர் கண்ணுக்கு இயக்குநரும் நடிகரும்தானே தெரிகிறார்கள்!

தங்கள் துறையின் கீழ் தரமணியில் இயங்கும் எம்.ஜி.ஆர். திரைப்படக் கல்லூரி ஒளிப்பதிவு, ஒலிப்பதிவு, படத்தொகுப்பு, இயக்கம், அனிமேஷன், டிஜிட்டல் இன்டர்மீடியட் (டிஐ) என ஆறு பிரிவுகளில் பட்டம் தருகிறது. அடையாறு இன்ஸ்டிடியூட் என்று அழைக்கப்பட்ட காலத்தில் ஒளிப்பதிவாளர் பி.சி. ஸ்ரீராம் படித்த இடம் அது. 1986-இல் 'ஊமை விழிகள்' எடுத்தவர்களும் அங்கே படித்த இளைஞர்களே. பெரிய படம் அமையாவிட்டாலும் ஒலிப்பதிவும் எடிட்டிங்கும் கற்றவருக்குத் தொலைக்காட்சி, விளம்பரம், டப்பிங் என்று வேலை உண்டு.

அந்த ஆறிலும் பெயரில்லாத ஒரு வேலைக்காகவே இந்த மடல்: பழைய படங்களைக் காப்பது.

தமிழின் முதல் பேசும்படம் 'காளிதாஸ்' 1931-இல் வந்தது. இன்று அதைப் பார்க்க வழியில்லை, பிரதி மிஞ்சவில்லை. நடராஜ முதலியார் அதற்கும் முன்னால் எடுத்த மௌனப்படம் 'கீசக வதம்' கதியும் அதுதான். அந்தக் காலத்து நைட்ரேட் சுருள் சட்டெனத் தீப்பிடிக்கும். பிறகு வந்த அசிடேட் சுருள் அப்படி எளிதில் தீப்பிடிக்காது, ஆனால் வெக்கையிலும் ஈரத்திலும் மெல்ல அழுகும். டப்பாவைத் திறந்ததும் வினிகர் நெடி மூக்கில் ஏறும். சுருள் சுருங்கி, வளைந்து, கடைசியில் ஒட்டிக்கொள்ளும். சென்னைக் காற்றில் வெக்கைக்கும் ஈரத்துக்கும் குறைவே இல்லை.

இந்தச் சுருள்களைக் காப்பது நுணுக்கமான கைவேலை. கிழிந்த ஓரத் துளைகளை ஒட்ட வேண்டும், பூஞ்சை துடைக்க வேண்டும், ஒவ்வொரு பிரேமாக ஸ்கேன் செய்து கீறலை எடுக்க வேண்டும், ஒலித்தடத்தின் இரைச்சலைக் களைய வேண்டும். இவற்றில் பாதிக்கு வேண்டிய அடிப்படை டிஐ, ஒலிப்பதிவு வகுப்புகளில் ஏற்கெனவே இருக்கிறது. 1964-இல் வந்த 'கர்ணன்' இப்படிப் புதுப்பிக்கப்பட்டு 2012-இல் திரையரங்குக்குத் திரும்பியபோது, சிவாஜியைப் பெரிய திரையில் பார்த்திராத பிள்ளைகளும் வரிசையில் நின்றார்கள். அதே 1964-இல்தான் புனேயில் தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகம் பிறந்தது, அதன் காப்பாளராக இருந்த பி.கே. நாயர் அதற்காகவே வாழ்ந்தார். இத்தனை படம் எடுத்த சென்னையில், இந்த வேலைக்கென்று ஒரு பட்டப்படிப்பை அரசே தொடங்கலாம்.

தரமணியில் படப் பாதுகாப்புக்கு ஏழாவது பிரிவு ஒன்று வேண்டும். முதல் ஆண்டில் பத்து இடங்கள் போதும். கூடவே குளிரூட்டிய, ஈரம் கட்டுப்படுத்திய ஓர் அறை. பழைய தயாரிப்பாளர்களின் வாரிசுகள் வீட்டுப் பரணில் வைத்திருக்கும் டப்பாக்களை அங்கே கொண்டுவந்து தருமாறு துறையே அழைப்பு விடுக்கலாம். மாணவர்கள் முதலில் கை வைத்துப் பழக வேண்டிய சுருள்கள் அவைதான்.