ஒன்று, இரண்டு, மூன்று... இ.எம்.ஐ.!

போன மார்ச் மாதம் ஒரு ராத்திரி ஒண்ணரை மணிக்கு எனக்கு ஹார்ட் அட்டாக் வந்தது. அதாவது, வந்துவிட்டதாக நானே முடிவு செய்துவிட்டேன்.

நெஞ்சில் இறுக்கம். உள்ளங்கையெல்லாம் வியர்வை. மூச்சு பாதி வரை போய்த் திரும்புகிறது. மனைவியை எழுப்பி, "பாலிஸி பேப்பர் பீரோவுல மேல் தட்டுல இருக்கு" என்றேன். அவள் அதைக் காதில் போட்டுக்கொள்ளாமல் ஆட்டோ பிடித்தாள். (பி.காம். படித்தவன் சாகிற நேரத்தில்கூட நாமினி பற்றித்தான் பேசுவான்.)

ஆஸ்பத்திரியில் ஈ.ஸி.ஜி. எடுத்தார்கள். ரத்தம் எடுத்தார்கள். கடைசியில் பணமும் எடுத்தார்கள். விடியற்காலை ஒரு இளம் டாக்டர் ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "சார், உங்க ஹார்ட் நல்லா இருக்கு. நீங்கதான் நல்லா இல்லை."

"என்ன வேலை பார்க்கறீங்க?"

"பத்திரிகைக்கு எழுதறேன். அது போதாதுன்னு நாலு கடைக்குக் கணக்கும் எழுதறேன்."

"மார்ச் மாசம் வேற..." என்று புரிந்த மாதிரி சிரித்தார்.

தினம் காலையில் பத்து நிமிடம் உட்கார்ந்து மூச்சைக் கவனிக்கச் சொன்னார். அடக்க வேண்டாம், இழுத்துப் பிடிக்க வேண்டாம். அது பாட்டுக்கு வந்து போகட்டும். ஒன்று முதல் பத்து வரை எண்ண வேண்டியது. நடுவில் தவறினால் மறுபடி ஒன்றிலிருந்து.

பத்துதானே! பில்லே இல்லாத கடைக்கு பாலன்ஸ் ஷீட் டாலி செய்தவன் நான். மறுநாள் பாயைப் போட்டு உட்கார்ந்தேன்.

ஒன்று. இரண்டு. மூன்று... மூன்றாம் தேதி இ.எம்.ஐ. போகுமே, பாங்க்கில் பாலன்ஸ் இருக்கிறதா? மளிகைக் கடைக்காரர் ஜி.எஸ்.டி. பில் இன்னும் தரவில்லை. ஒரு பத்திரிகை ஏழு கட்டுரைக்குப் பணம் தரணும். கேட்டால் 'ப்ராசஸ்ல இருக்கு சார்' என்கிறார்கள். அந்த ஆசிரியரை நேரில் பார்த்து நாலு வார்த்தை கேட்டு, அவர் பதில் சொல்லி, நான் மடக்கி, அவர் தலைகுனிந்து... கண்ணைத் திறந்தால் பன்னிரண்டு நிமிடம் ஓடியிருந்தது. எண்ணிக்கை மட்டும் மூன்றிலேயே நின்றது.

ஒரு வாரம் முயன்றும் ஆறைத் தாண்டவில்லை. டாக்டரிடம் போய் ஒப்புக்கொண்டேன். "எனக்கு இது வரலை டாக்டர். மனசு ஓடிடுது."

"ஓடினது எப்ப தெரிஞ்சுது?"

"கொஞ்ச நேரம் கழிச்சு."

"தெரிஞ்சதும்?"

"மறுபடி ஒண்ணுலேர்ந்து ஆரம்பிச்சேன்."

"அதான் சார் எக்ஸர்ஸைஸ்! பத்தைத் தொடறது இல்லை, திரும்பி வர்றது. தண்டால் எடுக்கறவன், கீழே போனா தோத்துட்டேன்னு அழுவானா?"

இப்படி ஒரு வாத்தியார் எனக்குக் காலேஜில் கிடைத்திருந்தால் நான் ஸி.ஏ. முடித்திருப்பேன்.

சரி, இதை யார் கண்டுபிடித்தது என்று தோண்டினேன். விஷயம் புத்தர் காலத்துப் பழசு. ஆனால், நம் காலத்துக்குக் கொண்டுவந்தவர்களில் என் இனத்தைச் சேர்ந்த ஒருவர் அகப்பட்டார். கணக்கு எழுதுகிற இனம்! பர்மாவின் ஊ பா கின். குமாஸ்தாவாகச் சேர்ந்து, 1948-ல் பர்மா சுதந்திரம் அடைந்தபோது அந்த நாட்டின் அக்கவுண்டண்ட் ஜெனரல் ஆனவர். அந்த ஆபீஸிலேயே ஊழியர்களுக்குத் தியானமும் சொல்லிக் கொடுத்தார். நான் பார்த்த ஆபீஸ்களில் ஊழியர்கள் மத்தியானம் மூன்று மணிக்குக் கண்ணை மூடினால் அதற்கு வேறு பெயர்.

1955-ல் அவரிடம் எஸ்.என். கோயங்கா என்ற இந்திய வம்சாவளி வியாபாரி வந்தார். தீராத ஒற்றைத் தலைவலி. வெளிநாட்டு டாக்டர்களையெல்லாம் பார்த்தாகிவிட்டது. 'தலைவலிக்காக வந்தால் சொல்லித்தர மாட்டேன், இது அதற்கான வைத்தியம் இல்லை' என்று ஊ பா கின் முதலில் மறுத்துவிட்டாராம். அந்தக் கோயங்காதான் பிற்பாடு 1969-ல் இந்தியாவுக்கு வந்து விபஸ்ஸனா வகுப்புகளைப் பரப்பினார். பத்து நாள், பேச்சே கூடாது, காலை நாலு மணிக்கு எழுப்புவார்கள், கட்டணம் கிடையாது. சென்னைக்குப் பக்கத்தில் திருமுடிவாக்கத்திலேயே ஒரு மையம் இருக்கிறது. பத்து நாள் நான் பேசாமல் இருப்பேனா என்று வீட்டில் கேட்டேன். "கட்டணம் வாங்கினாலும் பரவாயில்லை, போயிட்டு வாங்க" என்றாள்.

1979-ல் அமெரிக்காவில் ஜான் கபட்-ஜின் என்பவர் இதிலிருந்து மதத்தைக் கழித்துவிட்டு, மாஸசூஸட்ஸ் பல்கலைக்கழக ஆஸ்பத்திரியில் எட்டு வார வகுப்பு ஆக்கினார். அதில் முதல் பாடம் ஒரு உலர்ந்த திராட்சை! அதை உருட்டி, முகர்ந்து, நாக்கில் வைத்து, அவசரப்படாமல் தின்ன வேண்டும். நானும் சமையலறை டப்பாவிலிருந்து ஒன்றை எடுத்து உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தேன். "ஏங்க, புழு இருக்கா?" என்று பதறி வந்தாள் மனைவி.

இ.எம்.ஐ. ஒரு ரூபாய்கூடக் குறையவில்லை. ஆனால் ராத்திரி விழிப்பு வந்தால், முன்பெல்லாம் 'பணம் போச்சு, வீடு போச்சு, தெருவுக்கு வந்தாச்சு' என்று கடைசி ஸ்டேஷன் வரை போவேன். இப்போது சில நாளாவது முதல் ஸ்டேஷனிலேயே இறங்கிவிட முடிகிறது.

அத்தோடு நிறுத்தியிருக்கலாம். ஊருக்கு உபதேசம் ஆரம்பித்தேன்.

திருவல்லிக்கேணி மேன்ஷனில் என்னோடு ரூமில் இருந்த நண்பன் ஒருவன். கல்யாணமாகாதவன், கம்பெனியில் நைட் ஷிஃப்ட். தூக்கமில்லை என்றான். உடனே மூச்சை எண்ணச் சொன்னேன். பத்து நாள் கழித்து போன்.

"கண்ணை மூடினா இன்னும் பயமா இருக்குடா."

"ஆரம்பத்துல அப்படித்தான் இருக்கும். விடாம பண்ணு."

இதைச் சொன்ன வாயை இப்போதும் மன்னிக்க முடியவில்லை. அவன் 'சரிடா' என்று வைத்துவிட்டான். அடுத்த வாரம் அவன் அக்கா பேசினார். "தம்பி, அவன் சாப்பிடறதில்லை. ஆபீஸ் போய் நாலு நாளாச்சு. நான் இல்லாட்டி உங்களுக்கெல்லாம் நிம்மதிங்கறான்."

அக்காவும் நானும் அன்றைக்கே மனநல மருத்துவரிடம் கூட்டிப்போனோம். நான் தியானம் சொல்லிக்கொடுத்த பெருமையை மெதுவாக அவிழ்த்தேன். அவர் கோபிக்கவில்லை. மன அழுத்த நோய் திரும்பத் திரும்ப வருகிறவர்களுக்கு, அது தெளிந்திருக்கிற சமயத்தில், மறுபடி வராமலிருக்க இந்தப் பயிற்சி உதவுகிறது. ஆராய்ச்சியும் நடந்திருக்கிறது என்றார். "ஆனா, வீடு எரியறப்ப மூச்சை எண்ணிட்டு உட்காரக் கூடாது சார். இவருக்கு இப்ப மாத்திரை வேணும், தூக்கம் வேணும், கூட ஆள் வேணும்." கண்ணை மூடி உட்கார்ந்தால் சிலருக்குப் பயம் அதிகமாகும் என்பதும் அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. ஊ பா கின் தலைவலிக்காரரிடமே அத்தனை யோசித்தார். நான் போனிலேயே தீர்ப்புச் சொல்லியிருக்கிறேன்.

இரண்டு மாதம் அக்கா வீட்டில் இருந்தான். இப்போது பகல் ஷிஃப்ட்டுக்கு மாறிவிட்டான். மாத்திரை தொடர்கிறது. மெரினாவில் செருப்பைக் கழற்றிவிட்டு, மணல் காலில் படுவதைக் கவனித்தபடி நடக்கச் சொல்லியிருக்கிறார் டாக்டர். கண்ணைத் திறந்துகொண்டுதான். ஞாயிற்றுக்கிழமை நானும் கூடப் போகிறேன். "உபதேசம் பண்ணாம வர்றதா இருந்தா வா" என்பது நிபந்தனை.

அவன் அக்கா மாதிரி கவனிக்க ஆள் இல்லாதவர்களுக்கு ஒரு நம்பர்: 14416. டெலி மானஸ், 2022-ல் மத்திய அரசு தொடங்கியது. இருபத்து நாலு மணி நேரமும் இலவசம், தமிழில் பேசலாம். எழுதி பர்ஸில் வையுங்கள்.

இன்று காலையும் உட்கார்ந்தேன். ஆறு, ஏழு, எட்டு... சரித்திரத்தில் முதல் முறையாக எட்டு! பக்கத்தில் போன் 'டிங்' என்றது. ஏழு கட்டுரைப் பணமாக இருக்குமோ?

கண்ணைத் திறக்கவில்லை என்று எழுத ஆசையாகத்தான் இருக்கிறது. திறந்தேன். கரன்ட் பில்.