கழுத்தை நெரிக்கிறது கடைசிப் பாடம்

கொட்டச்சேட்டுப் பக்கத்துப் பசங்களுக்கும், அவங்க அப்பா அம்மாவுக்கும், ரீல்ஸ் போடற "மாஸ்டர்"களுக்கும் ஒரு த்ரெட். கொஞ்சம் நீளம். கொஞ்சம் கோவமாவும் இருக்கும். பொறுத்துக்கோங்க.

போன மாசம் நைட் ட்யூட்டி. பதினேழு வயசுப் பையனை பைக்ல நடுவுல உக்கார வெச்சு ரெண்டு பேர் கூட்டிட்டு வந்தாங்க. (அடையாளம் தெரியக்கூடாதுன்னு சில விவரங்களை மாத்தியிருக்கேன்.) காபி காயப்போடற களத்துல ஒரு போட்டி. பின்னாடி இருந்து கழுத்துப் பிடி போட்டா, 'டேப்' அடிக்காம எத்தனை செகண்ட் தாங்கறான்னு பாக்கணும். ஒருத்தன் பிடிக்கிறான், ஒருத்தன் போன்ல எடுக்கறான். கொஞ்ச நேரத்துல இவன் கண்ணு சொருகிடுச்சு. பின்னாடி நிக்கறவனுக்கு அது எப்படித் தெரியும்? கை கால் வெட்டி இழுத்ததும் பயந்து விட்டிருக்கான். பின்மண்டை நேரா சிமெண்ட் தரையில.

108-ல சேலத்துக்கு அனுப்பினோம். சி.டி. நார்மல். பையன் நல்லா இருக்கான். மறுநாள் அவங்கம்மா வந்து, "போனை அடுப்புல போட்டுட்டேனுங்க சார், இனிமே எதுல பாக்கறான்னு பாக்கறேன்"னாங்க.

பக்கத்து வீட்டுப் பையன் போன்ல பாப்பான்மா. அதான் பிரச்சனையே.

அந்தப் பிடியில என்ன நடக்குதுன்னு முதல்ல சொல்லிடறேன். கழுத்தோட ரெண்டு பக்கமும் கரோடிட் ரத்தக்குழாய் ஓடுது. மூளைக்குப் போற ரத்தத்துல பெரும்பங்கு அதுவழிதான். ரெண்டையும் சேர்த்து அழுத்தினா மூச்சு திணறாது, பெருசா வலிக்காது, ஆள் சும்மா அணைஞ்சு போயிடுவான். 1943-ல அமெரிக்காவுல தன்னார்வலர்களோட கழுத்துல பட்டை கட்டி ரத்தத்தை நிறுத்திப் பாத்தாங்க. சுமார் 5 முதல் 10 செகண்ட்ல நினைவு போச்சு. "இன்னும் கொஞ்சம் தாங்கலாம்"னு நீ நினைக்கிற அந்த செகண்ட்ல நினைக்கிறதுக்கு மூளையே வேலை செய்யாது தம்பி. இதுல தாங்கறதுங்கற பேச்சே கிடையாது. வீரமும் கிடையாது.

இப்ப ரீல்ஸுக்கு வரேன். "10 செகண்ட்ல எதிரியை முடிக்க 3 பிடி." நாப்பது செகண்ட் வீடியோ, பின்னாடி மாஸ் பிஜிஎம். எதிராளியா வர்றவர் கையை நீட்டிட்டு துணிக்கடை பொம்மை மாதிரி நிக்கறார். டேப் அடிச்சதும் விடணும்னு ஒரு வார்த்தை இல்ல. எப்படி விழணும்னு இல்ல. மயங்கினா என்ன பண்ணணும்னு சுத்தமா இல்ல. இது பாடம் இல்லைங்க, விளம்பரம். கீழ லிங்க்ல கோர்ஸ் விப்பாங்க.

அதே அளவு கோவம் எங்க டாக்டருங்க மேலயும் இருக்கு. "வீட்டில் முயற்சிக்க வேண்டாம், முறையான பயிற்சிக்கூடத்தில் சேரவும்"னு ஒரு வரி போட்டுட்டு போயிடறோம். சென்னையில இருந்து சொல்ல ஈஸியா இருக்கு. கொட்டச்சேட்டுல இருக்கற பையன் எங்க சேருவான்? தினமும் குப்பனூர் வழியா சேலத்துக்கு இறங்கி, கிளாஸுக்கு காசு கட்டி, ராத்திரி மலை ஏறி வரணுமா? அவனுக்குக் கெடச்ச வாத்தியார் அந்த போன் மட்டும்தான். அதனாலதான் எந்த வீடியோ, எந்தப் புத்தகம்ங்கற கேள்வி மத்த ஊரைவிட இங்க முக்கியம். வாத்தியார் இருந்தா மோசமான வீடியோவைப் பாத்துட்டுப் போனாலும் "டேய், அதை விடு"ன்னு திருத்துவார். இங்க திருத்த யாரும் இல்ல.

இதைச் சொல்ல எனக்கு என்ன தகுதின்னு கேப்பீங்க. தப்புப் பண்ணின தகுதிதான். எம்பிபிஎஸ் முடிச்ச புதுசு. தள்ளுபடியில கால் பூட்டு வீடியோ செட் ஒண்ணு வாங்கினேன், மணிக்கணக்குல ஓடும். மேட் கிடையாது, மாஸ்டர் கிடையாது. ரூம்மேட்டைக் கீழ படுக்க வெச்சு 'ஹீல் ஹூக்' போட்டேன். குதிகாலைப் பிடிச்சுத் திருகற பூட்டு அது. பாதத்தைத் திருப்பற மாதிரி இருக்கும், ஆனா திருகல் போய் இறங்கற இடம் முழங்கால். அங்க வலி வர்றதுக்கு முன்னாடியே லிகமென்ட் போயிடும். அவன் "ஒண்ணும் வலிக்கலடா"ன்னான். நான் இன்னும் கொஞ்சம் திருப்பினேன். சத்தம் கேட்டுச்சு. அனாட்டமியில நல்ல மார்க் வாங்கினவன் நான். இன்னைக்கும் அவன் படி இறங்கும்போது கைப்பிடியைப் பிடிச்சுத்தான் இறங்கறான். என்கிட்ட ஒரு வார்த்தை சொன்னதில்ல.

அப்புறமாத்தான் தெரிஞ்சுகிட்டேன். உலக அளவுல பெரிய ஜியு-ஜிட்சு போட்டிகள் நடத்தற ஐபிஜேஜேஎஃப், ஹீல் ஹூக்கை 2021-லதான் அனுமதிச்சாங்க. அதுவும் சீருடை இல்லாத போட்டியில, பெரியவங்கள்ல பழுப்புப் பட்டை, கருப்புப் பட்டைக்கு மட்டும். பல வருஷம் பழகினவங்களுக்கே அவ்வளவு கட்டுப்பாடு. எனக்கு ஒரு கிளிக்ல வித்துட்டாங்க.

இன்னொண்ணு, பறந்து போய் ரெண்டு காலாலயும் எதிராளியோட காலைக் கத்தரி மாதிரி வெட்டி விழ வைக்கிறது. 'கனி பசாமி'. ரீல்ஸ்ல லைக்கு பிச்சுக்கும். 1980-ல ஜப்பான் தேசியப் போட்டியில யாமாஷிதாங்கற ஜூடோ ஜாம்பவானுக்கு இதுலதான் கால் எலும்பு முறிஞ்சது. 1984 ஒலிம்பிக்ல தங்கம் வாங்கின மனுஷன் அவர். இப்ப ஜூடோ போட்டியிலயும் தடை, ஜியு-ஜிட்சு போட்டியிலயும் தடை. நம்ம பசங்க காபிக் களத்துல பண்றாங்க.

"ஜப்பான்ல சின்னப் பசங்களே கத்துக்கறாங்களே சார்?" ஆமா. 1983-ல இருந்து சுமார் முப்பது வருஷத்துல ஜப்பான் பள்ளிகள்ல ஜூடோவால இறந்துபோன மாணவர்கள் நூறு பேருக்கும் மேல. பெரும்பாலும் தலைக்காயம், அதிலும் நிறைய பேர் புதுசா சேர்ந்தவங்க. மேட்டும் மாஸ்டரும் இருந்தே அப்படி. விழத் தெரியாதவனைத் தூக்கிப் போட்டா எந்த ஊரா இருந்தாலும் மண்டை மண்டைதான்.

சரி, எதைத்தான் பாக்கறது?

'ஜியு-ஜிட்சு யுனிவர்சிட்டி'ன்னு ஒரு புத்தகம். சாவ்லோ ரிபெய்ரோ எழுதி 2008-ல வந்தது. இங்கிலீஷ்தான், ஆனா பக்கத்துக்குப் பக்கம் போட்டோ இருக்கறதால சமாளிக்கலாம். அதோட அடுக்கைப் பாருங்க. வெள்ளைப் பட்டைக்கு உயிர் தப்பறது. நீலத்துக்கு விடுபடறது. ஊதாவுக்குக் கீழ இருந்து காலால தடுக்கறது. பழுப்புக்கு அந்தத் தடுப்பைத் தாண்டறது. நெரிக்கிறது, பூட்டறது எல்லாம் கருப்புப் பட்டையில, கடைசி அத்தியாயம். உலக சாம்பியன் ஆன ஆளே அதைக் கடைசியில வெச்சிருக்கார். ரீல்ஸ் உங்களுக்குக் காட்டறது அந்தக் கடைசி அத்தியாயத்தைக் கிழிச்சு எடுத்த பக்கம்.

அதனால எந்தப் புத்தகம், எந்த வீடியோன்னாலும் முதல்ல என்ன சொல்லித்தர்றாங்கன்னு பாருங்க. விழறது, டேப் அடிக்கறது, டேப் அடிச்சா உடனே விடறது, கீழ மாட்டினா மூச்சு விட இடம் பண்றது. இது இல்லாம நேரா கழுத்துக்குப் போனா மூடிடுங்க. அடுத்து, எதிராளி நிஜமா எதிர்க்கிறானான்னு பாருங்க. நல்ல வாத்தியார் தன் பிடி எங்க தோத்துப்போகும்னும் காட்டுவார். ஒரே அசைவைப் பத்து நிமிஷம் அலுக்காம பேசுவார், இடுப்பு எங்க, எடை எங்கன்னு ரெண்டு பக்கத்துல இருந்தும் காட்டுவார். போர் அடிக்கும். போர் அடிக்கிற வீடியோதான் நல்ல வீடியோ.

காசு தேவையே இல்ல. 1882-ல ஜிகோரோ கானோ ஆரம்பிச்ச கோடோகன், ஜூடோ உத்திகளை யூடியூப்ல இலவசமாவே போட்டிருக்கு. ஆனா அது எறிதல் எப்படி இருக்கும்னு பாத்துக்கத்தான், களத்துல செஞ்சு பாக்க இல்ல. புத்தகம் வரிசையைச் சொல்லும், வீடியோ அசைவைக் காட்டும். உங்க முழங்கை எங்க போகுதுன்னு ரெண்டுக்கும் தெரியாது. அதனால மூணாவது ஆள் ஒருத்தன் பக்கத்துல நின்னு பாக்கட்டும். போன் எடுக்கறதுக்கு இல்ல, "விடு"ன்னு சொல்றதுக்கு.

நடுவுல ஒரு கோஷ்டி வரும். "இதெல்லாம் புறநானூத்துலயே இருக்கு டாக்டர்." இருக்குங்க. 80-ஆவது பாட்டு. சாத்தந்தையார் பாடினது. சோழன் போரவைக் கோப்பெருநற்கிள்ளி ஆமூர் மல்லனை ஒரு காலால மார்புல அமுக்கி, இன்னொரு காலைப் பின்னாடி கொடுத்து மடக்கின கதை. எனக்கும் அது ரொம்பப் பிடிக்கும். ஆனா அது ஜெயிச்சவனைப் பாடின பாட்டு. அவன் எத்தனை வருஷம் யாருகிட்ட விழுந்து பழகினான்னு அதுல வராது. ரீலும் அந்த மாதிரிதான், என்ன, இலக்கணம் மட்டும் கம்மி.

பழகற பசங்களுக்கு: களத்துல வேண்டாம், மெத்தையோ மண்ணோ பாத்துக்கோங்க. ரெண்டு பேரும் முட்டி போட்டு ஆரம்பிங்க, நின்னு யாரும் யாரையும் தூக்கி எறிய வேண்டாம். கழுத்தும் குதிகாலும் முதல் வருஷம் தொடவே கூடாது. நகம் வெட்டுங்க, முடிச்சதும் குளிங்க. படர்தாமரைக்கு மெடிக்கல்ல வாங்கின ஸ்டீராய்டு க்ரீமைத் தடவிட்டு என்கிட்ட வராதீங்க, திட்டுவேன்.

யாராவது மயங்கினா உடனே பிடியை விடுங்க, தலையைத் தாங்கி ஒருக்களிச்சுப் படுக்க வைங்க. உக்கார வைக்காதீங்க, வாயில தண்ணி ஊத்தாதீங்க. மூச்சு இருக்கான்னு பாருங்க. அரை நிமிஷத்துல தெளியலைன்னாலோ, தலை அடிபட்டிருந்தாலோ 108. கழுத்தை நெரிச்ச ரெண்டு மூணு நாள் கழிச்சு ஒரு பக்கமா கழுத்துவலி, தலைவலி, இமை தொங்கறது, கை மரத்துப் போறதுன்னு வந்தாலும் ஓடி வாங்க. ரத்தக்குழாயோட உள்சுவர் கிழிஞ்சிருக்கலாம். சின்ன வயசுலயே பக்கவாதம் வர அது ஒரு காரணம்.

அப்பா அம்மாவுக்கு: போனை அடுப்புல போடாதீங்க. பக்கத்துல உக்காந்து என்ன பாக்கறான்னு பாருங்க.

என் புத்தகம் இப்ப அந்தப் பையன்கிட்டதான் இருக்கு. வெள்ளைப் பட்டை அத்தியாயத்தைத் தாண்டினா பிடுங்கிடுவேன்னு சொல்லியிருக்கேன். கேள்வி இருந்தா கீழ போடுங்க, ட்யூட்டி முடிஞ்சு பதில் சொல்றேன்.